மூளை அறிந்தும் சொல்லாத செய்தி



நீரிழிவைப் பற்றிப் பேச வந்திருப்பவன் என்றதும், எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், காலையில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற விவரங்களையே தாங்கள் எதிர்பார்த்து வந்திருக்கக்கூடும். அவையெல்லாம் அவசியமான விஷயங்களே. ஆயினும் அவற்றை எடுத்துச் சொல்ல வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். பத்திரிகைகளும் வாரந்தோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவற்றிற்கெல்லாம் முந்திய ஒரு கேள்வி. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, சரீரம் முழுவதையும் நடத்துகின்ற மூளைக்கு அது தெரிகிறதா? தெரிகிறது என்றால் மூளை அதற்கு என்ன செய்கிறது? தெரிந்து ஏதோ செய்யவும் செய்கிறது என்றால், அந்தச் செய்தி நோயாளியாகிய மனிதனுடைய உணர்வுக்கு ஏன் வந்து சேருவதில்லை? இந்த மூன்றாவது கேள்வியே என் மனத்தை நெடுநாளாக வருத்தி வருவது. முதல் இரண்டையும் அதன்பொருட்டே ஆராயப் புகுகிறேன்.

வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் யாவரும் அடிக்கடி காணும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். காலில் பட்ட புண் ஆறவில்லை என்றோ, கண் மங்கலாகத் தெரிகிறது என்றோ நடுத்தர வயதுள்ள ஒருவர் வருகிறார். இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் சர்க்கரை 340 என்று காட்டுகிறது. தாளை அவர் கையில் கொடுத்ததும் ஒருமுறைக்கு இருமுறை பெயரைப் பார்த்துவிட்டு, “இது என் ரிப்போர்ட்தானா டாக்டர்? மாறி வந்திருக்கப் போகுது. நான் நல்லாத்தானே இருக்கேன்! பசிக்குது, சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன்” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உணர்வு அவருக்கு என்ன தெரிவித்ததோ அதையே அவர் நமக்குத் தெரிவிக்கிறார். அதே மனிதருக்கு, பிற்பாடு மருந்து சற்று மிகுந்துபோய், அந்த எண் 50-க்கு இறங்கிவிட்டால் நடப்பது வேறு: நெற்றி குப்பென்று வியர்க்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, நெஞ்சு படபடக்கிறது, கண்ணெதிரே இருப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாத பசி மூளுகிறது. இயல்பான அளவிலிருந்து நாற்பது மில்லிகிராம் குறைந்தால் சரீரம் முழுவதையும் உலுக்கி எழுப்புகின்ற மூளை, இருநூற்றைம்பது மில்லிகிராம் ஏறிய பிறகும் வாய் திறவாமல் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, முதலில் அளவுகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு மனிதனுடைய உடலில் ஐந்து லிட்டர் அளவுக்கு இரத்தம் இருக்கிறது. ஒவ்வொரு டெசிலிட்டரிலும், அதாவது நூறு மில்லிலிட்டரிலும், காலை வெறும் வயிற்றில் 70 முதல் 99 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருப்பது இயல்பு. கூட்டிப் பார்த்தால் இரத்தம் முழுவதிலும் கரைந்திருப்பது நாலைந்து கிராம், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளையோ, ஓய்வாயிருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது; நாளொன்றுக்கு நூறு கிராமுக்கும் அதிகமான குளுக்கோஸ் அதற்கு வேண்டியிருக்கிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து இடைவிடாமல் ஈடு செய்துகொண்டிராவிட்டால், இரத்தத்திலுள்ளது அனைத்தும் மூளை ஒன்றுக்கே சுமார் ஒரு மணி நேரத்துக்குத்தான் போதும். மேலும், தசைகளைப் போலக் கொழுப்பை எரித்துக் காலந்தள்ளும் வழி மூளைக்கு இல்லை. பல நாள் பட்டினிக்குப் பிறகு கல்லீரல் தயாரித்தனுப்பும் கீட்டோன்களை அது ஏற்றுக்கொள்ளுமேயன்றி, மற்றக் காலங்களில் குளுக்கோஸே அதன் ஜீவாதாரம். இத்தனை சொற்பமான இருப்பை நம்பி உயிர் வாழும் ஓர் உறுப்பு, அந்த இருப்பு எவ்வளவு என்பதைக் கணந்தோறும் அறிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா?

முடியாது. மூளைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்று முதன்முதலில் காட்டியவர் பிரெஞ்சு தேசத்து உடலியல் மேதையான கிளாது பெர்னார்து. சர்க்கரையை உண்டாக்க வல்லவை தாவரங்களே, மிருகங்கள் அதை அழிக்க மட்டுமே அறியும் என்று சாஸ்திர உலகம் நம்பியிருந்த காலத்தில், கல்லீரல் தானாகவே சர்க்கரையை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது என்று நிரூபித்தவர் அவர். கல்லீரலுக்கு இந்த வேலையை ஏவுகிறவர் யார் என்ற கேள்வி அவரைத் தொடர்ந்து பற்றிக்கொண்டது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்பட்டு வயிற்றறை வரை செல்லும் வேகஸ் என்னும் நரம்பே அந்தக் கட்டளையைக் கொண்டு செல்லுகிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அதைச் சோதிக்க, 1849-ஆம் ஆண்டில், ஒரு முயலின் பிடரிப் பக்கத்து எலும்பைத் துளைத்து மெல்லிய ஊசியொன்றைச் செலுத்தி, சிறுமூளைக்கு அடியில் உள்ள நான்காம் அறை என்னும் குழியின் தரையைக் குத்தினார். ஓரிரண்டு மணி நேரத்துக்குள் அந்த முயலின் சிறுநீரில் சர்க்கரை தோன்றிற்று; மறுநாளைக்குள் மறைந்தும் போயிற்று. கணையத்தைத் தொடாமல், உணவை மாற்றாமல், மூளையில் ஓர் ஊசிமுனை பட்டதனால் மட்டுமே ஒரு பிராணிக்குச் சில மணி நேரம் நீரிழிவு உண்டாகி நீங்கியது.

ஆனால் பெர்னார்து அங்கே நின்றுவிடவில்லை. வேகஸ் நரம்பை முன்கூட்டியே வெட்டிவிட்டு அதே இடத்தைக் குத்திப் பார்த்தார்; அப்போதும் சர்க்கரை வந்தது. தம் அபிப்பிராயத்துக்கு விரோதமான இந்த முடிவை அவர் மறைக்காமல் வெளியிட்டு, தண்டுவடத்தின் வழியே இறங்கி உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேறு நரம்புகளின் மூலமாகவே அந்தக் கட்டளை போகிறது என்று திருத்திக்கொண்டார். எவ்வளவு ஆசையோடு வளர்த்த கொள்கையாயினும் பிரத்தியட்சத்துக்கு முன் அதை விட்டுக்கொடுக்கும் அந்த மனப்பான்மையை நான் எண்ணி எண்ணி வணங்குகிறேன். அவர் தேடிய வேகஸ் நரம்பின் பங்கு முற்றும் பொய்யன்று என்பதும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெளியாயிற்று; அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

பெர்னார்து வகுத்த இந்தப் பாதையில் ஆராய்ச்சி தொடர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1889-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அந்த நாய்க்குக் கொடிய நீரிழிவு உண்டாயிற்று. 1921-ஆம் ஆண்டு டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷம் ஜனவரி மாதத்தில், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அந்த மருந்தினால் மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டான். மனித குலம் கண்ட மகத்தான வெற்றிகளுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. அந்த வெற்றியின் பேரொளியில், மூளையைப் பற்றிய பழைய பரிசோதனை பாடப்புத்தகத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. நீரிழிவு என்றால் கணையம், கணையம் என்றால் இன்சுலின் என்ற அளவில் நம் அறிவு நெடுங்காலம் நின்றது.

முற்றும் மறந்துவிட்டார்கள் என்று சொல்வதும் நியாயமாகாது. அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் வால்டர் கானன் என்பவர், நாய் குரைப்பதைக் கேட்டு மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதை 1911-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அட்ரீனல் சுரப்பிகளை நீக்கிவிட்டால் எவ்வளவு பயந்தாலும் சர்க்கரை வருவதில்லை என்பதையும் கண்டார். பிறகு, அந்தச் சர்வகலாசாலையின் கால்பந்துக் குழுவினர் இருபத்தைந்து பேரை, பருவத்தின் முக்கியமான பந்தயம் முடிந்ததும் சோதித்தார்கள். பன்னிரண்டு பேருடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஐவர், ஆட்டத்தில் இறங்கவே இல்லை. தங்களை எப்போது அழைப்பார்களோ என்று ஓரத்தில் காத்திருந்தவர்கள்! ஓடாத கால்களுக்காக அவர்களுடைய கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிட்டிருந்தது. பரபரப்பு என்பது மூளையின் காரியம். அது தண்டுவடத்தின் வழியாகவும் அட்ரீனல் சுரப்பியின் வழியாகவும் கல்லீரலுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. வீட்டில் ஒரு சாவு நேர்ந்த வாரத்திலும், பெண்ணின் கல்யாணத்துக்கு முந்திய நாட்களிலும், உணவில் ஒரு மாறுதலும் இல்லாமலே தங்கள் சர்க்கரை ஏறிவிட்டதாகச் சொல்லும் நோயாளிகளைச் சந்தேகிக்கும் வைத்தியர்கள் இந்தப் பந்தயத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை கூறியது, மூளை சர்க்கரையை ஏற்றுவதைப் பற்றி. ஏறிய சர்க்கரையை மூளை அறிவது எவ்வாறு? இந்த விசாரணையில் பாரத நாட்டவர் ஒருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. மூளையின் அடித்தளத்தில், இரண்டு கண்களுக்கும் பின்னே, ஒரு வாதுமைப் பருப்பளவில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்னும் பகுதிதான் பசி, தாகம், உடற்சூடு, உறக்கம் ஆகியவற்றையெல்லாம் நடத்துவது. பால் கிருஷ்ண ஆனந்த் என்னும் உடலியல் பேராசிரியர், அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து, ஹைபோதலாமஸின் பக்கவாட்டில் ஒரு சிறு இடத்தை அழித்தால் எலி உணவு கொள்வதையே நிறுத்திவிடுகிறது என்று 1951-ஆம் ஆண்டில் காட்டினார். நடுப்புறத்தில் வேறோர் இடத்தை அழித்தால் பிராணி அடங்காமல் தின்று பருத்துப்போகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. இரத்தத்தின் சர்க்கரையைக் கொண்டே மூளை பசியை அளக்கிறது என்ற கொள்கையை ஜான் மேயர் என்பவர் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாயகம் திரும்பிய ஆனந்த், புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தம் சகாக்களுடன், விலங்குகளின் மூளையில் நுண்ணிய மின்கம்பிகளைப் பதித்து, இரத்தத்தில் குளுக்கோஸைச் செலுத்திப் பார்த்தார். சர்க்கரை ஏறியதும், திருப்தியைத் தரும் நடுப்புறத்தில் மின் துடிப்புகள் பெருகின. பசியைத் தூண்டும் பக்கவாட்டில் அவை குறைந்தன. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் வெளியான இந்த ஆராய்ச்சிகள், நம் நாட்டு விஞ்ஞான சரித்திரத்தில் இன்னும் அதிகமாகப் போற்றப்பட வேண்டியவை. பின்னர் ஜப்பானில் ஓமுரா என்பவர், தனித்தனி நரம்பணுக்களின் மேல் குளுக்கோஸை நேரடியாகப் படவைத்து, சில அணுக்கள் அதனால் எழுச்சி பெறுவதையும், சில அடங்குவதையும் 1969-ஆம் ஆண்டில் பதிவு செய்தார்.

எழுச்சி பெறும் அந்த அணுவுக்குள் நடப்பது ஆச்சரியமானது. குளுக்கோஸ் அணுவுக்குள் புகுந்து எரிந்ததும், ஏடிபி என்னும் சக்திப் பொருள் பெருகுகிறது. அணுவின் சவ்வில், பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதற்கென்று அமைந்த நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. ஏடிபி பெருகினால் அவை மூடிக்கொள்ளுகின்றன. பொட்டாசியம் வெளியேறாமல் தங்கியதும், சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்கிறது, அணு துடிக்கிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா அணுவும், சர்க்கரை மிகுந்ததை அறிவது பெரும்பாலும் இதே யந்திரத்தைக் கொண்டுதான். நீரிழிவு நோயாளிகள் பலர் காலையில் விழுங்கும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தில் வேலை செய்வதும் இந்த வாயிலை மூடித்தான். வயிற்றறையில் ஓர் உறுப்பும் தலைக்குள் ஓர் உறுப்பும், ஒரே சர்க்கரையை ஒரே முறையில் சுவைத்துப் பார்க்கின்றன என்ற உண்மையை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

பொதுவாக மூளையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி ஒரு தடுப்பு உண்டு. குளுக்கோஸ் அதைக் கடப்பதற்குத் தனிக் கடத்திகள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்சுலினின் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே இரத்தத்தில் ஏறினால் மூளையிலும் ஏறும். ஆயினும் மூளையின் அணுக்களைச் சூழ்ந்த திரவத்தில் இருப்பது இரத்தத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஹைபோதலாமஸின் அடியில் மட்டும், ஒரு சிறு பிரதேசத்தில், அந்தத் தடுப்பு நெகிழ்ந்திருக்கிறது. சர்க்கரையை அறியும் நரம்பணுக்கள் பல அதன் அருகிலேயே அமைந்திருப்பதைக் காணும்போது, இரத்தத்தை நேரே தொட்டுப் பார்ப்பதற்கென்றே இயற்கை அவ்விடத்தைத் திறந்து வைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அறிந்த மூளை சும்மா இருப்பதில்லை. வேகஸ் நரம்பின் வழியே கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. உணவின் சுவை நாவில் பட்டவுடனேயே, சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதற்கு முன்பே, சிறிதளவு இன்சுலின் வெளிப்படுவதும் இவ்வாறே. பசியைக் கிளப்பும் அணுக்களை அடக்குகிறது. விழிப்பைத் தரும் ஓரெக்சின் நரம்பணுக்களைக் குளுக்கோஸ் அடக்குகிறது என்று சுண்டெலிகளின் மூளையில் கண்டிருக்கிறார்கள். வயிறார உண்டபின் வரும் உறக்கத்துக்கு இது ஒரு காரணமாயிருக்கலாம். இவற்றையெல்லாம்விட முக்கியமானது கல்லீரலுக்குச் செல்லும் கட்டளை. எலிகளின் ஹைபோதலாமஸில் மட்டும் சிறிதளவு குளுக்கோஸையோ இன்சுலினையோ செலுத்தினால், கல்லீரல் சர்க்கரை உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளுகிறது என்று 2002 முதல் 2005 வரை நடந்த ஆராய்ச்சிகள் காட்டின; கல்லீரலுக்குச் செல்லும் வேகஸ் கிளையை வெட்டிவிட்டாலோ, அந்தப் பலன் கிட்டுவதில்லை. சர்க்கரையை ஏற்றும் ஆணை தண்டுவடத்தின் வழியே இறங்குகிறது. குறைக்கும் ஆணை வேகஸின் வழியே இறங்குகிறது. பெர்னார்து தேடிய நரம்பு, அவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான தொழிலைச் செய்துகொண்டு அங்கேயே இருந்திருக்கிறது!

ஆக, முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது: மூளை அறிகிறது, அறிந்து தொழிற்படவும் செய்கிறது. ஆனால் இவ்வளவும் நம் உணர்வு எட்டாத ஆழத்தில் நடைபெறுகிறது. குறைவுக்கு மட்டுமே உணர்வின் கதவு தட்டப்படுகிறது. சர்க்கரை 80-ஐ ஒட்டி இறங்கும்போதே இன்சுலின் சுரப்பது அடங்கிவிடுகிறது. 70-க்குக் கீழே போகும்போது, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான குளுக்ககானும் அட்ரீனலினும் பெருகுகின்றன. 55 அளவில் வியர்வையும் நடுக்கமும் தோன்றுகின்றன. அதற்கும் கீழே, புத்தி தடுமாறுகிறது. இவ்வாறு படிப்படியாகக் காவல் வைத்த இயற்கை, மேற்புறத்தில் ஏன் ஒரு காவலையும் வைக்கவில்லை? குறைவு விரைவிலேயே கொல்லக்கூடும். மிகுதியோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அரித்துத்தான் கெடுக்கும். மனிதனுடைய முன்னோர்கள் எண்ணற்ற தலைமுறைகளாகப் பஞ்சத்தோடு போராடியவர்கள்; மூன்று வேளையும் வெள்ளை அரிசியும் இனிப்புப் பானமும் குறைவின்றிக் கிடைத்து, உட்கார்ந்தபடியே ஜீவனம் நடத்தும் காலம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. வராத பகைக்குக் காவல் வைக்கப்படவில்லை என்பதே என் கருத்து.

“சர்க்கரை மிகுந்தால் தாகம் எடுக்கிறதே, அது மூளையின் எச்சரிக்கை ஆகாதா?” என்று தாங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டுக்கொள்ள முடிவதில்லை; சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தன்னோடு நீரையும் இழுத்துச் செல்லுகிறது. நீர் குறைந்து இரத்தம் செறிவடைவதை ஹைபோதலாமஸை ஒட்டிய வேறு சில அணுக்கள் அறிந்து தாகத்தை எழுப்புகின்றன. இத்தகைய செறிவை அறியும் அமைப்பு மூளையில் உண்டு என்று இங்கிலாந்தின் வெர்னி என்பவர் 1947-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஆகவே அந்தத் தாகம் நீரின் இழப்பைப் பற்றியது, சர்க்கரையைப் பற்றியதன்று. 150-லும் 170-லும் வருஷக்கணக்காக நிற்பவருக்கு அந்தத் தாகமும் இல்லை. கண்ணின் திரையும் காலின் நரம்பும் சேதமுறுவதற்கோ அந்த அளவே போதும். நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் என்றும், அதன் வாயிலில் நிற்பவர்கள் இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேல் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டில் கணக்கிட்டது. அவர்களுள் எத்தனையோ பேர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று மனமார நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது என் உள்ளம் பதறுகிறது.

முதியவர்களிடத்தில் தாக உணர்ச்சியும் இயல்பாகவே மங்கிவிடுகிறது. ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, நீர் அருந்தாமல் படுத்துவிட்டால், சர்க்கரை 600-க்கும் மேலே போய், மூளையின் அணுக்களிலிருந்தே நீர் உறிஞ்சப்படுகிறது. பாட்டி பேத்தியின் பெயரை மாற்றி அழைக்கிறாள், சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், சிலருக்கு ஒரு கை மட்டும் இழுத்துக்கொள்ளுகிறது. வீட்டார் வயதின் கோளாறு என்றோ பக்கவாதம் என்றோ எண்ணி விடுகிறார்கள். நீரிழிவுள்ள முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் முதற்காரியமாக விரல் நுனியில் ஒரு துளி இரத்தத்தைப் பார்த்துவிட்டு, எண் எதுவாயினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமாறு தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

மெல்லவே நேரும் தீங்கும் உண்டு. சியாட்டில் நகரப் பகுதியில், 65 வயதுக்கு மேற்பட்டு, ஞாபகக் கோளாறு ஏதுமில்லாத 2067 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நீரிழிவு இல்லாதவர்களிடையே கூடச் சராசரி சர்க்கரை 115 ஆக இருந்தவர்களுக்கு, 100 ஆக இருந்தவர்களைக் காட்டிலும் மறதி நோய் வருவது நூற்றுக்குப் பதினெட்டு பங்கு அதிகமாயிருந்தது. உடன் காணப்படுவதெல்லாம் காரணமாகிவிடாது என்பதை மறக்கலாகாது. ஆயினும் அலட்சியம் செய்யத்தக்க செய்தியும் அன்று. மற்றொரு புறம், சியாட்டிலின் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சார்ந்தவர்கள் 2016-ஆம் ஆண்டில், நீரிழிவு கண்ட சுண்டெலிகளின் மூளை அறைக்குள் எஃப்ஜிஎஃப்-1 என்னும் புரதத்தை ஒரே ஒரு முறை செலுத்தியதில், நான்கு மாத காலம் சர்க்கரை இயல்பு நிலையில் நின்றது. மனிதருக்கு இது பயன்படும் நாள் தூரத்தில் இருக்கலாம். ஆனால் நீரிழிவு கணையத்தின் நோய் மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இறுதியாக, என் மூன்றாவது கேள்விக்குரிய விடையின் மற்றொரு பாதியைச் சொல்ல வேண்டும். மூளை மிகுதியைச் சொல்லாமல் இருப்பதோடு, நாளடைவில் அந்த மிகுதியையே இயல்பென்று கொள்ளத் தொடங்கிவிடுகிறது. நெசவாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவருக்குத் தறியின் இரைச்சல் காதில் விழுவதில்லை. யந்திரங்கள் நின்றுபோனால்தான் திடுக்கிட்டுத் தலை நிமிர்கிறார். யேல் சர்வகலாசாலையில், இரத்தச் சர்க்கரையை இரண்டு மணி நேரம் 220-இல் நிறுத்தி, மூளைக்குள் உள்ள குளுக்கோஸைக் காந்த அலைகளின் உதவியால் அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமுள்ளவர்களின் மூளையில் அது நன்றாக ஏறிற்று. உடல் பருத்தவர்களிடத்திலும் நீரிழிவு உள்ளவர்களிடத்திலும் அவ்வளவு ஏறவில்லை. 2017-இல் வெளியான இந்த முடிவை, வெள்ளத்துக்கு எதிராக மூளை தன் மதகைச் சற்றே தாழ்த்திக்கொண்டது என்று சிலர் பொருள் கொள்ளுகிறார்கள். அதன் விபரீதம் சர்க்கரை இறங்கும்போது தெரியவருகிறது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்த பரிசோதனையில், சாதாரண மனிதர்களுக்குச் சர்க்கரைக் குறைவின் அறிகுறிகள் 53 அளவில் தோன்றின. இன்சுலினை நம்பி வாழ்ந்தும் நோய் கட்டுப்படாமல் இருந்தவர்களுக்கோ, 78 அளவிலேயே தோன்றிவிட்டன. 78 என்பது முற்றும் ஆரோக்கியமான எண் என்பதைக் கவனியுங்கள்.

நான் முன்பு சொன்ன 340 காட்டிய மனிதர், மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் திரும்பி வந்து, “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலைங்க, போட்டா தலை சுத்துது, உடம்பெல்லாம் பதறுது, நிறுத்திட்டேன்” என்று சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான். நோயோடு இருந்தபோது சுகமாயிருந்தவர், சிகிச்சை பெற்றபோது துன்புற்றார். எது நோய், எது மருந்து என்று அவருடைய மூளை அவருக்குத் தலைகீழாகச் சொல்லிற்று. அவரைக் கடிந்துகொள்ளும் வைத்தியர், அவரிடம் உண்மையாகவே ஒரு வேதனை இருந்தது என்பதை அறியாதவர். அவருக்குச் சர்க்கரையின் அளவைச் சிறிது சிறிதாகவே இறக்க வேண்டும். சில வாரங்களில் மூளை தன் அளவுகோலை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வேண்டும். இதற்கு எதிரான நிலையும் உண்டு: அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து போகிறவர்களுக்கு, வியர்வை, நடுக்கம் என்ற அந்தப் பழைய எச்சரிக்கையும் மழுங்கிப்போய், முன்னறிவிப்பின்றி மயங்கி விழ நேரிடும். சில வாரங்கள் தாழ்வு நேராமல் காத்தால், அந்த உணர்ச்சி பலருக்குத் திரும்ப வருகிறது.

ஆதலால், தலை சுற்றுகிறது, பதறுகிறது என்றால், ஊகத்தில் முடிவு செய்யாமல் அந்தக் கணத்திலேயே விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் பதினைந்து கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கருவி கையில் இல்லையென்றால் தாழ்வு என்றே கொண்டு குளுக்கோஸைக் குடித்துவிடுவதுதான் ஜாக்கிரதை. கருவி 110 என்றோ 120 என்றோ காட்டினால், அந்தப் பதற்றம் உண்மையான சர்க்கரைத் தாழ்வினால் வந்ததன்று. சிறிது நேரம் உட்கார்ந்து, தண்ணீர் அருந்தி, அந்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அந்தத் தாளோடு வைத்தியரிடம் போக வேண்டும். பதற்றம் தணியாமல் நெஞ்சு அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே போக வேண்டும்.